முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது

மூன்று விலை வைத்திருக்கிறேன்:
முத்து, பவளம், வைரம்.
முத்தை ஒருவரும் எடுப்பதில்லை,
சபையில் சொல்லக் கூச்சம்.
வைரம் எடுப்பதற்கல்ல, பார்த்துப் பயப்பட.
பயந்தவர்கள் ஒரு படி இறங்கிப்
பவளத்தில் வந்து உட்காருவார்கள்.
கடை வாடகை, கமராவின் லீசிங்,
சுகிர்தனின் சம்பளம் எல்லாம்
அந்தப் பவளத்துக்குள்தான் இருக்கிறது.

கோண்டாவில், இரும்புக்கடைக்கு மேல்மாடி.
மேசைக் கண்ணாடிக்குக் கீழே விலைத்தாள்.
பொன்னுருக்கு வேறு நாள், ஆகவே வேறு காசு.
ட்ரோன் மணித்தியாலக் கணக்கு.
அல்பம் நாற்பது பக்கம்,
நாற்பத்தோராவதிலிருந்து பக்கத்துக்கு எழுநூறு.
(அந்தப் பக்கத்தில்தான் எப்போதும்
சித்தப்பா குடும்பம் மிஞ்சி நிற்கும்.)
நெடுந்தீவென்றால் படகுக் காசு உங்கட.
ஐந்து பேருக்குச் சாப்பாடு. முதற் பந்தி கேட்கவில்லை,
கடைசிப் பந்தியில் அப்பளம் மிஞ்சினால் போதும்.

"நாங்கள் இஞ்சத்தை ஆக்கள்தான் தம்பி,
காசு மட்டும்தான் ஸ்காபரோவில இருந்து வாறது"
என்பார்கள்.
கல்குலேட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பேன்.
ஒரு பூச்சியத்தை அழித்துத் திருப்பித் தருவார்கள்.
சிரிப்பேன்.
சிரிப்புக்குக் காசில்லை.

கடைசி வரி சிவப்பில் இருக்கும்:
முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.
வாசிப்பதே அபசகுனம் என்பதுபோல
அதைத் தாண்டிக் கையெழுத்து வைப்பார்கள்.

விதுஷிகா வந்தது ஓர் ஆவணி மத்தியானம்,
கரண்ட் நின்ற நேரம்.
சிவப்பு வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு
தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.
ஊருக்கே தெரியும்: மண்டபம் விட்டாயிற்று,
ஐயருக்குச் சொல்லியாயிற்று,
கூறையை மட்டும் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லையாம்.

"நான் காசு கேட்டு வரேல்லை.
கசூரினாவில எடுத்தீங்களெல்லோ,
அதில நான் தனிய நிக்கிற படம் இருக்கோ?"

மடிக்கணினியில் பதினெட்டு வீதம் சார்ஜ்.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
எல்லாவற்றிலும் அவன் கை.
தோளில், இடுப்பில்,
காற்றில் அலையும் துப்பட்டாவின் மறுநுனியில்.
ஆளை அழிக்க ஒரு விலை உண்டு, மனப்பாடம்.
ஆனால் எப்படி அழித்தாலும்
சாய்ந்து நிற்பவள் சாய்ந்தே நிற்பாள்.

சுகிர்தன்தான் சொன்னான்,
"தொடக்கத்தில பாருங்கோ அண்ணை."

மாப்பிள்ளை பிந்தி வந்த நாற்பது நிமிசம்.
சவுக்கு மரத்தடியில் அவளை நிறுத்தி
அங்கால போங்கோ, இஞ்சால வாங்கோ என்று
வெளிச்சம் பார்க்க எடுத்தவை. பதினொன்று.
ஒன்று வெள்ளை வெளேர். ஒன்று ஒரே இருட்டு.
ஒன்றில் ஒற்றைக் காலில் நின்று
செருப்பு மண்ணைத் தட்டுகிறாள்.
ஒன்றில் ஐஸ்பழ வானின் பாட்டுக்குத் திரும்பி
என்னையும் கமராவையும் மறந்து
வாய் நிறையச் சிரிக்கிறாள்.
வழக்கமாக இவற்றை அன்றிரவே அழித்துவிடுவோம்.
எப்படித் தப்பிக் கிடந்தன தெரியாது.

"எவ்வளவு?"

பத்து வருசத் தொழிலில்
முதல்முறை என்னிடம் விலை இல்லை.
காசு வேண்டாம் என்றேன்.
அவள் முகம் இறுகியது.
"பில் போடுங்கோ."

புத்தகத்தை விரித்தேன். விபரம் என்ற கட்டம்.
முத்தில்லை, பவளமில்லை.
யோசித்து எழுதினேன்:
வெளிச்சம் பார்த்தது, 11.
படம் நூற்றைம்பதுபடி
ஆயிரத்து அறுநூற்றைம்பது.

எட்டிப் பார்த்தாள்.
"இருட்டாய்க் கிடக்கிறதுக்கும் காசோ?"

கழித்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு எண்ணி வைத்தாள்.
பில்லை எடுத்து, ஜன்னல் பக்கம் பிடித்து,
அடியில் அச்சடித்திருந்த சிவப்பு வரியை
எழுத்தெழுத்தாக முழுவதும் வாசித்தாள்.
பிறகு நாலாய் மடித்தாள்.