பிணை

கூர்வா பிடித்த களிமண் மானில்
அவர் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.
மணலில் வார்த்தபோது அதுவும் வெண்கலமானது.
அராவட்டுமா என்று கேட்டேன்.
மானுக்கு ரேகை ஏது, தள்ளு என்றார்.
தள்ளினேன்.

நான் யூலோஜ் பெர்த்தினா, பொப்பாங்கூர் தெரு,
வார்ப்பகத்தில் செதுக்குக்காரன், நாளுக்கு ஆறு பிராங்க்.
பீடத்தில் அவர் பெயர் இருக்கும்,
அடியில் வார்ப்பக முத்திரை.
தலை தனியாக வரும், கால்கள் தனியாக.
முளையடித்துப் பூட்டி
தையல் தெரியாமல் தேய்ப்பது என் வேலை.
இந்தப் பிணைக்கு இடது தோளில் விழுந்தது தையல்,
தோலுக்கடியில் எலும்பு நகர்கிற இடத்தில்.
மூன்று வாரம்.

சந்தேகம் வந்தால் ஞாயிறன்று
தாவரத் தோட்டத்து விலங்குக்கூடத்துக்குப் போவேன்.
கம்பிக்கு அப்பால் நிற்கும்.
முன்காலை எடுத்து வைத்தால்
தோளில் ஒரு மேடு எழுந்து அடங்கும்.
எப்போதோ முறிந்து கூடிய எலும்பு,
விளிம்பில் கொக்கிபோல் ஒரு வளைவு.
காவலாளிக்கு ஒரு புட்டி மது கொடுத்து
கூர்வா அதைத் தடவியே பார்த்துவிட்டாராம்.

ஏழு வார்த்தோம். இரண்டு விற்றன.
கடன் கொடுத்த முஸ்யே லப்ரூஸ்
ஈரக் குடையோடு வந்தார்.
பிணைக்கு என்ன இருக்கிறது என்றார்.
இருந்தது பிணைதான்.
பிளாஸ்டர் மூலத்தைச் சாக்கில் கட்டி
வார்க்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு
குடையை மறந்துவிட்டுப் போனார்.

அப்புறம் பிரஷ்யர்கள் நகரை வளைத்தார்கள்.
குதிரை தீர்ந்தது. நாய் தீர்ந்துகொண்டிருந்தது.
பீரங்கி வார்க்க வெண்கலம் கேட்டார்கள்.
மீதி ஐந்தில்
நான்கு என்று கணக்கெழுதினேன்.
ஐந்தாவது என் கட்டிலுக்கடியில்,
ஒர்த்தான்ஸின் பழைய பாவாடைக்குள்.

டிசம்பர் கடைசி. நாலு மணி நேரம் வரிசையில் நின்று
ஒர்த்தான்ஸ் ஒரு எலும்பு கொண்டுவந்தாள்.
ஆடாம்.
நாற்காலிக் காலை உடைத்து அடுப்பில் வைத்தோம்.
கிளறும்போது அகப்பையில் ஏறி வந்தது,
தட்டையாய், முக்கோணமாய்.
எடுத்துத் துடைத்தேன். கண்ணுக்கு முன்
விரல் கண்டுகொண்டது
கொக்கியை.

அவளிடம் சொல்லவில்லை.
அவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.
நானும் குடித்தேன். உப்பு போதவில்லை.

அவள் தூங்கியதும் பாவாடையை அவிழ்த்தேன்.
வெண்கலம் பனிக்கட்டியாய்க் கிடந்தது.
ஒரு கையில் அது, ஒரு கையில் இது.
கவராயம் வைத்து
ஆறில் ஒன்றாய்க் குறைத்துப் பார்த்தேன்.
என் வளைவு மயிரிழை ஆழம் கூடுதல்.
அராவிக் கொட்டியதைத்
திரும்ப ஒட்ட வழி இல்லை.

விழித்துக்கொண்டு கேட்டாள்,
அந்த எலும்பு நாளைக்கும் கொதிக்குமா?
கொதிக்கும் என்றேன்.