நூற்றிருபது வாட்

தபால்கந்தோரில் கையெழுத்து வைத்து
வாங்கி வந்தேன்.
தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
உள்ளே, எங்கோ ஒரு நகரத்தில்
குளிரூட்டிய மண்டபத்தில்
எட்டு வருடம் கண்மூடாமல் நின்றுவிட்டுக்
கழற்றப்பட்ட சேர்வரின் மூளை.
விலை நாலாயிரத்து ஐந்நூறு.
தபால் கூலி தனி.

"பேர் என்ன?" என்றாள் பியூலா.
ஸியோன் என்றேன்.
"சீயோனா? சங்கீதத்தில் வருமே, மலை?"
அதேதான் என்று சொல்லிவைத்தேன்.
மலையென்றால் செலவைக் கேட்கமாட்டாள்.

மஸ்கெலியாவில் ஆனி மாதம்.
சிவனொளிபாதமலை மூன்று கிழமையாய்
இருந்த இடத்தில் இல்லை.
ஜன்னல் வழியே வந்த மூடுபனி
திரும்பிப் போக மனமில்லாமல்
கட்டிலில் உட்கார்ந்திருந்தது.
ஸ்டூடியோ என்று பலகை மாட்டிய முன்னறையில்
நான் கலியாணங்களை வெட்டி ஒட்டுகிறேன்.
பூப்புனித நீராட்டு, கருமாதி,
ஒரு முறை கால்பந்து இறுதிப்போட்டி.
பழைய கொம்பியூட்டருக்கு இரண்டே கோர்.
இரவு ஒன்பதுக்கு ரெண்டர் போட்டால்
விடிய வெள்ளன தாலி கட்டும் இடத்துக்கு வந்திருக்கும்.
கட்டார் போகிற மாப்பிள்ளை
விமானநிலையத்திலிருந்து கேட்பார்,
"அண்ணே, முடிஞ்சுதா?"

ஹட்டன் நஸ்மி முதலே சொன்னான்:
இது அந்தச் சொக்கெட்டுக்குப் பிறந்ததில்லை.
உள்ளே பிளாஸ்டிக்கில் இரண்டு காது,
அதைச் சீவிவிடு.
பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு,
இரண்டு தொடுமுனைகளை அது இடம் மாற்றிவிடும்.
பிறகு போர்டு
இவன் நம்ம ஆள் என்று நம்பும்.
ஒரு துண்டுத் தாளில் ஆள் மாறுகிற விசயம்
எங்கள் தாத்தாமாருக்கும் நடந்தது, நஸ்மி.
அவர்களுக்கு ஸ்டிக்கர் வந்துசேர
முப்பது வருடம் எடுத்தது.

சவர பிளேட்டை இரண்டாய் உடைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினேன்.
எழுநூற்று எழுபத்தைந்து ஊசிகள்
வாரிவிட்ட தலைமுடி மாதிரிச் சாய்ந்து நின்றன.
ஒன்று வளைந்தால் போர்டு போச்சு.
போர்டு போனால், தவணை முடியாத கெமராவோடு
கொழும்புக்குத்தான்.
இரண்டாவது காது துள்ளிக் காணாமல் போனது.
ஊசிகளுக்குள் விழுந்ததோ என்று
கைபேசி வெளிச்சத்தில் அரை மணி தேடினேன்.
அது பியூலாவின் தலையில் இருந்தது.

பேஸ்ட் ஒரு பயறளவு.
விசிறியை அழுத்திப் பூட்டினேன்.
சுவிட்ச்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
எண்ணிக்கொண்டிருந்தேன், இருபது வரை. கறுப்பு.
"மலை பேசாதோ?" என்றாள்.

கழற்றிப் பார்த்தால்
ஸ்டிக்கர் ஒரு நூல் விலகியிருந்தது.

இரண்டாம் முறை
அறியாத புரொசசர் என்று ஓர் எச்சரிக்கை வந்தது.
தொடர்வதானால் ஒரு விசையை அமுக்கவும்.
அமுக்கினேன்.
தன்னை யாரென்றே தெரியாத வீட்டில்
அது வேலையைத் தொடங்கிவிட்டது.

நாலு பெட்டியில் நாலு கோடு
உச்சியில் போய் நின்றன.
கட்டார் மாப்பிள்ளை இரண்டு மணி நேரத்தில்
தாலி கட்டி, விருந்து முடித்து,
காரேறிப் போய்விட்டார்.
விடியும்வரை காத்திருந்து பழகிய நான்
என்ன செய்வதென்று தெரியாமல்
கீபோர்டைத் துடைத்தேன்.

வெப்பம் காட்டும் எண் மட்டும் பொய்.
எதைச் செய்தாலும் நாற்பத்திரண்டிலேயே நிற்கிறது.
பெட்டியின் முதுகில் கை வைத்தால்தான் உண்மை:
சோறு வடித்த பானை ஓரத்துச் சூடு.
அதைக் கண்டுபிடித்தது நானல்ல.

ஷெரினின் பள்ளிக்கூடச் சொக்ஸ்,
வெள்ளை, மூன்று சோடி.
திங்கள் துவைத்தது, வியாழனாகியும் ஈரம்.
அடுப்புக்கு மேலே போட்டால் புகை நாறும்,
டீச்சர் வரிசையில் நிறுத்திக் கேட்பார்.
விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன்:
பெட்டிக்குப் பின்னால் நூல்கொடி,
ஊசி குத்திய ஆறு சொக்ஸ்,
அருகே கையை நீட்டிக்கொண்டு பியூலா.

"மலை ஆறிப்போச்சு.
குதிக்கால் பக்கம் இன்னும் காயல்ல.
ஏதாவது ஒரு கலியாணத்தைப் போடுங்களேன்."

கைவசம் கலியாணம் இல்லை.
போன வருட இறுதிப்போட்டியை எடுத்து
யாரும் கேட்காமலே
மறுபடி ரெண்டர் போட்டேன்.
இரண்டாம் பாதி தொடங்கும்போது
ஷெரின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.