அதே பொத்தான்

கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
கையுறையைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தேன்.
வூச் நகரத்தில் பிப்ரவரி. மணி இரண்டே கால்.
மேல்வீட்டு ஷிமோன்ஸ்கி இருமுகிறார்.

நூற்றுப் பதினான்கு மணி நேரம்
என்று திரையின் மூலையில் காட்டுகிறது,
மின்கட்டண ரசீது மாதிரி.
அதில் முதல் நாற்பது யாகோதாவுடையது.
அவள்தான் குதிரைக்கு ஒகூரெக் என்று பெயர் வைத்தாள்.
வெள்ளரிக்காய்.
இருண்டுபோன ஒரு பேரரசை
விளக்கெண்ணெயோடு கடக்கப் போகும் குதிரை,
வெள்ளரிக்காய்.
சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கம்பளத்தில் கொட்டினாள்.
கறை இங்கே இருக்கிறது.
அவள் பெர்கனில் இருக்கிறாள்,
ஒரு மீன் கம்பெனிக்குக் கணக்கு எழுதிக்கொண்டு.
நாங்கள் சண்டை போடவில்லை.
போட்டிருந்தால் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

இருபத்தேழு ஊர்களில் விளக்கேற்றினேன்.
பனிக்கணவாயில் பத்தொன்பது முறை செத்தேன்.
இருபதாவது முறை, பக்கத்தில் ஒரு வெளிச்சம்.
அதன் தலைக்கு மேல் சிறிய எழுத்தில்
எர்மெக், பிஷ்கெக்.
பேசவில்லை. பாலம் வரைக்கும் முன்னால் நடந்தது,
நான் அந்தப் பக்கம் கால் வைத்ததும் அவிந்துவிட்டது.
யந்திரம் போட்ட பொம்மை என்று நினைத்தேன்.
நன்றிகூடச் சொல்லவில்லை.

இன்று ராஜாவும் செத்து, கதையும் முடிந்து,
இசையும் ஓய்ந்தபிறகு
கறுப்புத் திரையில் கேட்கிறது:
கணவாயில் இப்போது ஒருவர் நிற்கிறார்.
உன் விளக்குகள் அத்தனையும் தந்தால்
அவருக்கு ஒரு வெளிச்சம் போகும்.
யார் என்று உனக்குத் தெரியாது.
உன் பயணம் திரும்ப வராது.
தருகிறாயா?

நான் அப்படியொன்றும் யோக்கியமானவள் இல்லை.
முதலில் எழுந்துபோய் பென்டிரைவைத் தேடினேன்.
நகலெடுக்கப் பதினோரு நொடி ஆனது.
பிறகுதான் தியாகம் செய்ய உட்கார்ந்தேன்.

மொத்தமாக எடுத்துக்கொண்டால் பரவாயில்லை.
இந்த விளையாட்டு அப்படி எடுப்பதில்லை.
ஏறிவந்த வழியே திரும்ப இறங்கச் சொல்கிறது,
ஊர் ஊராக, என் கையாலேயே.
அன்றைக்கு ஓடிவந்து கைதட்டிய ரொட்டிக்கடைக்காரி
வாசலில் நிற்கிறாள்.
தடுக்கவில்லை. குழந்தையை உள்ளே அனுப்புகிறாள்.

குதிரையின் கழுத்தை அணைக்க ஒரு பொத்தான் உண்டு.
விளக்கை அணைக்கவும்
அதே பொத்தான்.

நகல் இருக்கிறது, மேசைமேலேயே இருக்கிறது,
இருந்தும் ஏழாவது ஊரில் கட்டைவிரல் நின்றுவிட்டது.
பதினாறாவது ஊரில்
யாகோதா சுவரில் கிறுக்கிய மீசைக்காரன்.
அவனும் போனான்.
இருபத்தேழாவதில் சேணத்தைக் கழற்றச் சொன்னது.
ஒகூரெக் இருட்டில் நின்றபடி
தரையை ஒருதரம் கீறியது.
பெயரின் எழுத்துகள் பின்னாலிருந்து உதிர்ந்தன.

முகப்புத் திரையில் 'தொடர்க' இல்லை.
'தொடங்கு' மட்டும்.

பிஷ்கெக்கில் எர்மெக்கின் மேசை இழுப்பறையிலும்
ஒரு பென்டிரைவ் இருக்குமோ?
இருக்கட்டும்.
அந்தப் பனியில் என் காலடி தெரிந்தது.
அதில் எத்தனை பங்கு கலப்படம் என்று
அப்போது நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

என்னுடையதை
டிப்போ சாவிக்கும் செத்த பேட்டரிகளுக்கும் நடுவில் போட்டேன்.
செருகவும் இல்லை, உடைக்கவும் இல்லை.

யாகோதாவுக்கு எழுதினேன்:
ஒகூரெக் போய்விட்டான்.
காலையில் பதில் வந்திருந்தது.
யாரது?
அதன் கீழே, ஐந்து நிமிடம் கழித்து:
ஐயோ, அந்தக் குதிரையா!

ஆமாம், என்று தட்டினேன்.
இந்நேரம் யாரோ பாலத்தைத் தாண்டியிருப்பார் என்றும் தட்டினேன்.
அதை அழித்துவிட்டு
ஆமாம் என்பதை மட்டும் அனுப்பினேன்.