தாலுகா ஆபீஸ் எதிர்க்கடை

"தயவுசெய்து போட்டுக் கேளுங்க அண்ணாச்சி,
நல்லா எழுதும்.
அதட்டினா அரைகுறையாத்தான் வரும்"
என்கிறான் குத்தாலிங்கம்.

நான் மனு எழுதுகிறவன்.
அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே
இருபத்திரண்டு வருசம்.
சமூகத்திற்கு, பணிவன்புடன், தாழ்மையுடன்.
இந்த மூன்றையும் நான் தேய்த்த மாதிரி
எவனும் சந்தனக்கட்டையைத் தேய்த்திருக்க மாட்டான்.
வந்த பதிலெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது'.
பணிவின் விலை எனக்குத் தெரியும்:
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
ஜெராக்ஸ் தனி.

இருந்தாலும்
கூட்டமில்லாத ஒரு செவ்வாய் மத்தியானம்
சோதித்துப் பார்த்தேன்.
"ஏல, பட்டா மாறுதலுக்கு மனு எழுது."
எழுதியது.
ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில்
புள்ளி, புள்ளி, புள்ளி.

அடுத்து,
"வணக்கம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.
வைராவிகுளம் கிராமம்,
சர்வே எண் இருநூற்றுப் பதினாலு பார் மூணு,
தகப்பனார் இறந்தது போன ஐப்பசி,
வாரிசு மூவரில் ஒருவர் சூரத்தில்,
தாங்கள் தயைகூர்ந்து..."
வந்ததே ஒரு மனு!
தாசில்தார் எழுந்து நின்று படிப்பார்.

குத்தாலிங்கம் தொடையைத் தட்டினான்.
எனக்குச் சமாதானமாகவில்லை.
மூன்றாவதாக 'ஏல'யும் போட்டேன்,
சர்வே எண்ணும் போட்டேன்.
அதே மனு.
ஒரு காற்புள்ளி கூடுதல்.

ஆக, மன்னிக்கவும் எங்கேயும் வேலை பார்க்கவில்லை.
மரியாதையாகப் பேச உட்கார்ந்ததும்
நான் அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்போது சொள்ளமுத்து வந்தார்.
என்னைவிடப் பதினைந்து வயசு மூப்பு.
"என்ன, நீ போன மாசம் வந்தவன்தான?" என்றேன்.
பெட்டிக்குத் 'தாங்கள்' போட்ட அதே வாய்.
நடுவில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.
அவர் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும்.
பெட்டிக்குத் தெரியாது.

குத்தாலிங்கம் மைக்கைத் திருப்பி வைத்தான்.
"நீங்களே சொல்லுங்க."
அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.
பிறகு,
வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவனைக்
கூப்பிடுகிற சத்தத்தில்
"ஏலேய்" என்றார்.
"களத்துக்குப் போற வழிய
முள்ளு வெட்டிப்போட்டு அடைச்சுட்டான்லே.
எழுது."

திரையில் வந்தது:
'நீங்கள் சொல்லும் வழி
எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது?
உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?'

குத்தாலிங்கம் வாசித்துக் காட்டினான்.
"திரும்ப வாசி" என்றார்.
"எதுல இருந்து?"
"அந்த நீங்கள்-ல இருந்து."

மனு முடிந்தது. ரூபாய் வாங்கினேன்.
போயிட்டு 'வா' வரைக்கும் வந்தது எனக்கு.
'ங்க' தொண்டையில்.
அவர் குனிந்து
ஜெராக்ஸுக்குத் தனியாக
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.