சாட்சி இல்லாத கையொப்பம்

ஹாமில்டன், பார்ட்டன் தெரு.
தளபாடக் கடைக்குப் பின்னால் ஒரு கூடம்,
மடக்கு மேசையில் கிரிஸ்லி லாரோஷ்.
வரிசையில் என்னோடு நாலே பேர்.
இருபது டொலர்.

பேனாவைக் கரண்டிபோல் பிடித்தார்,
மூன்று விரல்கள் மடங்கவில்லை.
பெயர் கேட்டார். கெங்காதரன் என்றேன்.
பாதி வழியில் சிரித்து விட்டுவிட்டார்:
'கெங்'குக்கு, அன்புடன்.
அட்டையில் அவர் தலைக்குமேல் தூக்கியிருந்த
எவனோ ஒருவனின் முதுகில்.

தரம்பார்க்க அனுப்பினேன். எண்பது டொலர், ஏழு கிழமை.
பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுத் திரும்பியது:
மூலைகள் ஒன்பது. விளிம்பு எட்டரை.
கையொப்பம், உறுதிப்படுத்த இயலாது.
சாட்சி இல்லையாம்.

செவ்வாய் இரவு வேலையில்
கொன்வேயருக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது.
லாரோஷ் செத்துப்போனார்.
விடிவதற்குள்
கையெழுத்தில்லாத வெறும் அட்டை முந்நூற்றுப் பத்து.
என்னுடையது, கிறுக்கல் விழுந்ததென்று, நாற்பது.

அவர் விழுந்ததெல்லாம் நாடகம் என்கிறார்கள்.
இருக்கட்டும்.
அன்று என் கையைக் குலுக்க
மேசையை இரு கையாலும் ஊன்றி
அவர் எழும்பிய எழும்பலை
நான் பார்த்தேன்.

விற்கவே மாட்டேன் என்றில்லை.
வாடகை முதலாம் திகதி.
சஸ்கட்டூனிலிருந்து ஒருவன் கேட்டிருக்கிறான்,
ஐம்பது தருகிறேன்,
அந்தக் 'கெங்'கை மட்டும்
அழிக்க முடியுமா?