பக்கம் எட்டு

முதல் பக்கத்தில் என் பெயர்.
அறுபது புள்ளியில் வைத்தேன், திமிராகத் தெரிந்தது.
பன்னிரண்டில் வைத்தேன், மன்னிப்புக் கேட்பது போலிருந்தது.
ம. சகாய ரெக்ஸ்லின், கட்டடக்கலை, இரண்டாம் ஆண்டு.
சின்னப்பாலம், பாம்பன்.
ஊர்ப்பெயரை இரண்டு முறை அழித்தேன்.
மூன்றாவது முறை கரண்ட் போனது.

பத்துப் பக்கத்துக்குள், பதினைந்து எம்.பி.க்குள்,
ஞாயிறு நள்ளிரவுக்குள்.
என்னிடம் இருப்பதோ
முதல் பருவத்தில் வெட்டிய ஒரு கனசதுரம்
(பசை வழிந்த மூலையை நிழலுக்குத் திருப்பிப் படமெடுத்தேன்),
ஒரு பேருந்து நிறுத்தம்,
ஏறுகிறவர் தலை இடிக்கும் என்று
மதிப்பெண் வந்த பிறகு தெரிந்த ஒரு படிக்கட்டு,
அப்புறம் அந்த வீடு.

ஓவியருக்கான கடலோர வீடு.
மதுரையில், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மேலே உட்கார்ந்து வரைந்தது.
கடலைப் பார்த்து முப்பதடிக் கண்ணாடி,
மெலிந்த இரும்புத் தூண்கள்,
வாசலில் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வெள்ளைக்காரர்,
கையில் காபி, காலடியில் நாய்.
வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான்.
எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை
உப்பு தின்று தீர்த்ததை
அந்தப் பருவம் முழுக்க
எப்படித்தான் மறந்தேனோ.

எட்டாம் பக்கம் காலி.

சனிக்கிழமை சிக்னல் தேடிக் கரைக்குப் போனேன்.
பாசிக்குப் போனவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்,
நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு,
விரலில் சுற்றிய துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தபடி.
பனிமயம் மதினியும் முத்துராக்குவும்
ஒரு சேலையை ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்.
பின்பக்கம் கருவை முள்.
நடுவில் ஒருத்தி நனைந்ததைக் களைந்து
உலர்ந்ததைக் கட்டினாள்.
அடுத்தவள் நுழைந்தாள்.
பிடித்தவர் முறை வந்ததும் கட்டியவர் பிடித்தார்.
ஏழு பேர், பதினோரு நிமிடம்.
காற்று திரும்ப, சுவரும் அரையடி திரும்பிக்கொண்டது.

ஆயிரம் தடவை பார்த்ததுதான்.
பையில் டேப்போடு பார்த்ததில்லை.

"என்னத்தடி அளக்குற?"
"சுவரை."
"எந்தச் சுவரை?"
சொன்னதும் சிரித்த சிரிப்பில் சேலை நழுவ,
உள்ளே இருந்தவள் வைததை இங்கே எழுத முடியாது.
உயரம் நாலடி இரண்டங்குலம், மதினியின் மோவாய் வரை.
நீளம், கை விரிகிற மட்டும்.
"எங்க மூஞ்சி வரக்கூடாது" என்றாள் முத்துராக்கு.
"வராது, வெறும் கோடுதான்."
"அப்ப இடுப்பைச் சின்னதாப் போடு."

இரவெல்லாம் வரைந்தேன்.
தளப்படம்: இரண்டு புள்ளி, நடுவே தொய்ந்த ஒரு கோடு.
அதன் கீழே ஆசையாக ஓர் அறையும் போட்டேன்,
கல்சுவர், ஓட்டுக்கூரை, நீலக் கதவு.
காலையில் காட்டினேன்.
மதினி வெகுநேரம் பார்த்தாள்.
"கதவு வச்சா பூட்டு வப்பாங்க.
சாவி யாருட்ட இருக்கும்?"
பஞ்சாயத்துக் கழிப்பறை அவள் முதுகுக்குப் பின்னால்
பூட்டியேதான் நின்றது.

கதவை அழித்தேன்.
நுழைகிறவர் ஒரு முறை வளைந்து நுழைகிற மாதிரி
சுவரை மடக்கினேன்.
இன்னும் சரியில்லை. ஒன்பதாம் பக்கம் அப்படியே போகட்டும்.

பதினேழு எம்.பி.
காபிக்காரரையும் நாயையும் எடுத்தேன், கொஞ்சம் குறைந்தது.
தூண்களை அப்படியே விட்டு
பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
இது துருப்பிடிக்கும், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது,
கரையில் நின்று கையை உயர்த்திப் பிடித்ததில்.
அதன் பிறகுதான் கவனித்தேன்,
எட்டாம் பக்கத்தில் வடக்குக் குறி இல்லை.
அந்த இடத்தில்
கச்சான் வரும் பக்கம் காட்டி
ஓர் அம்பு போட்டிருக்கிறேன்.