பத்தொன்பது படிகள்

எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில்
நான் வாய் திறக்குமுன்பே
வலப்பக்கம் ஒடித்துவிட்டார் கன்னியப்பன்.
பத்து நாளாய் வலம்தான் போனோம்,
அவர் கணக்கில் பிழையில்லை.
இன்று நேரே போகவேண்டும், பெருங்குடிக்கு.
லேபுக்கு முதல் சிப் வந்திருக்கிறது.
மெட்ரோத் தடுப்புகளைச் சுற்றி
யூ-டர்ன் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.

திரும்பி வரும் இந்தப்
பதினோரு நிமிடத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முதல் தலைமுறைக்கு ஐந்தே படிகள்.
ஊகம் தப்பினால் இரண்டு துடிப்பு வீண்,
யாரும் அதைப் பேசக்கூட இல்லை.
இரண்டாவதற்கு ஒன்பது.
மூன்றாவதில் கட்டளைகள்
வரிசை தாண்டி ஓடப் பழகின:
ரேஷன் கடையில் கல்லைப் போட்டுவிட்டு
பால் வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் விட்டு,
முறை வரும்போது கல்லருகே வந்து நிற்பவர்கள் மாதிரி.
நான்காவது எங்களுடையது. பத்தொன்பது.
கிளை பிரியும் இடத்தில் ஊகம் தப்பினால்
படிதோறும் ஏறி நின்ற அத்தனையும்
கழுவி ஊற்றவேண்டும்.

ஆழம் கூடக் கூட
தப்புக்கு விலை கூடுகிறது.
இதை நான் மூன்று வருடமாக
நாலு சதவீதம், நாலரை சதவீதம் என்று
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தலைமுறையின் ஒரு வரி
இன்னும் உள்ளே கிடக்கிறது.
மேலே ஒரு குறிப்பு:
"ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதீர்கள். பெனடிக்டா."
அவர் யாரென்று மனிதவளத்துக்கே தெரியாது.
போன ஆடியில் எடுத்துப் பார்த்தேன்.
இரவு மூன்று மணிக்கு
அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் சிவந்தன.
திருப்பி வைத்தேன்.
கீழே சேர்த்தேன்:
"எனக்கும் தெரியவில்லை."

நகத்தளவு சிப். மின்சாரம் கொடுத்தோம்.
திரையில் ஒரே ஒரு எழுத்து.
அப்புறம் அசைவில்லை.
ஃபர்ஹானா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
ஐந்தாம் தலைமுறைக்குக் கூட்டமாம், மூன்று மணிக்கு.

எங்கள் ஊகப்பெட்டியின் அடியில்
இரண்டு பிட் எண்ணி ஒன்று உண்டு.
உறுதியாக நம்பியதை
ஒருமுறை தப்பியதற்காக விட்டுவிடாது.
இரண்டாவது அடி விழவேண்டும்.

மறுநாள் சிக்னலில்
கன்னியப்பன் கொஞ்சம் வேகம் குறைத்தார்.
கண்ணாடியில் ஒரு பார்வை.
கேட்கவில்லை.
வலப்பக்கமே ஒடித்தார்.

அன்றும் எனக்குப் பெருங்குடிதான்.
நான் சொல்லவில்லை.